மைஎஸ்க்யூஎல் விழுந்துவிட்டதா? லாகைப் படித்த பிறகு கை வையுங்கள்

தளத்தைத் திறந்தால் டேட்டாபேஸ் இணைப்பில் பிழை என்று வருகிறது; தளத்தின் பின்னால் ஓடும் டேட்டாபேஸ் சர்வரான மைஎஸ்க்யூஎல் நின்றுபோயிருக்கிறது. உடனே எல்லோரும் ரீஸ்டார்ட் செய்வார்கள். ஒருமுறை செய்வதில் பெரிய தீங்கில்லை. மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, மாற்றங்களைக் குறித்து வைக்கும் தன் ரீடோ லாகைப் படித்து, கமிட் ஆன (உறுதிசெய்யப்பட்ட) மாற்றங்களை நிலைநிறுத்தும். பாதியில் நின்றவற்றைத் திருப்பிவிடும். ரீஸ்டார்ட்டும் கைகொடுக்காதபோதுதான் ஆபத்து தொடங்குகிறது. எங்கோ படித்த ஒரு பதிலை நம்பி ஐபிடேட்டா1 என்ற இன்னோடிபியின் மையக் கோப்பையோ ரீடோ லாக் கோப்புகளையோ அழித்துவிடுகிறார்கள். சர்வர் விழுந்ததால் தொலையாத தரவு அந்த அவசரத்தில் தொலைகிறது.

இங்கே சொல்வது உபுன்டுவில் ஓடும் மைஎஸ்க்யூஎல் 8 வரிசைக்கு. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தந்திருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: லாகின் கடைசிப் பகுதியைப் படியுங்கள்

/வர்/லாக்/மைஎஸ்க்யூஎல் கோப்புறைக்குள், சர்வர் தன் செய்திகளை எழுதிவைக்கும் எரர்.லாக் என்ற கோப்பு இருக்கும். கீழிருந்து மேலாகப் படித்து, சர்வர் விழுந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள். முறையாக நின்ற சர்வர் 'ஷட்டவுன் கம்ப்ளீட்' என்று எழுதிவிட்டுத்தான் போகும். அந்த வரி இல்லாமல் அடுத்த தொடக்கச் செய்தி வந்தால், சர்வர் முறையாக நிற்கவில்லை; வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கலாம். 'காட் சிக்னல் 11' அல்லது 'சிக்னல் 6' என்று இருந்தால் சர்வருக்கு உள்ளேயே ஏதோ உடைந்திருக்கிறது. 'எரர் நம்பர்' என்று ஒரு எண் இருந்தால் பிஎரர் என்ற கருவியிடம் அந்த எண்ணைக் கொடுங்கள். 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. 13 என்றால் கோப்பைத் தொட அனுமதியில்லை.

படி 2: மெமரி தீர்ந்ததா?

1 ஜிபி மெமரி உள்ள சின்ன சர்வர்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். டிமெஸேஜ் (டி, எம், ஈ, எஸ், ஜி என ஐந்தே எழுத்து) கட்டளையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி: கில்ட் ப்ராசஸ்' என்ற வரியும் அருகே மைஎஸ்க்யூஎல்டி என்ற பெயரும் (சர்வர் ப்ராசஸின் பெயர் இது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது.

இங்கே பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கெர்னல் பொதுவாக அதிக மெமரி பிடித்திருக்கும் ப்ராசஸைப் பார்த்துக் கொல்லும். ஆனால் மெமரியை மொத்தமாக விழுங்கியது வெப் சர்வரான அப்பாச்சியின் பத்துப் பதினைந்து வொர்க்கர் ப்ராசஸ்களாக இருக்கலாம்; தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. அதனால் பழி மைஎஸ்க்யூஎல் மேல் விழுகிறது. தரவை மெமரியில் வைத்திருக்கும் இன்னோடிபி பஃபர் பூலின் இயல்பளவு 128 எம்பிதான். அதை யாரும் ஏற்றி வைக்கவில்லை என்றால் முதலில் அப்பாச்சி வொர்க்கர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஸ்வாப் (மெமரிக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேருங்கள். ஏற்றி வைத்திருந்தால் அதையும் குறையுங்கள்.

படி 3: டிஸ்க் நிரம்பியதா?

டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் 100 சதவீதம் என்று தெரிந்தால், பெரும்பாலும் தரவு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பைனரி லாக்தான் இடத்தைப் பிடித்திருக்கும். 8.0 முதல் அது தானாகவே இயங்கும். 30 நாட்கள் சேர்த்து வைக்கும். அந்தக் கோப்புகளை ஆர்எம் கட்டளை கொண்டு அழிக்காதீர்கள், சர்வரின் கணக்கு குழம்பும். முதலில் பழைய சிஸ்டம் லாக்குகளை நீக்கிக் கொஞ்சம் இடம் உண்டாக்கி, சர்வரை எழுப்பி, உள்ளிருந்து 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளை கொடுங்கள். ரெப்ளிகா (பைனரி லாகைப் படித்து நகலை வைத்திருக்கும் இன்னொரு சர்வர்) இருந்தால் அது படித்து முடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 4: பக்கம் சிதைந்திருந்தால்

லாகில் 'டேட்டாபேஸ் பேஜ் கரப்ஷன்' என்று வந்தால் நிதானம் தேவை. இன்னோடிபி தரவை 16 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், உண்டு. டிஸ்கிலிருந்து படித்த பக்கம் அதோடு பொருந்தவில்லை என்பதே இந்தச் செய்தி. 'ரிப்பேர் டேபிள்' இங்கே உதவாது. இன்னோடிபிக்கு அந்த வசதியே கிடையாது.

சர்வீஸை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டே இருக்கும். பிறகு /வர்/லிப்/மைஎஸ்க்யூஎல் கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்கிற்கு நகலெடுங்கள். இதை எந்தக் காரணத்துக்காகவும் தவிர்க்காதீர்கள். மேலதிகாரி பின்னால் நின்று அவசரப்படுத்தினாலும் நகல் முடியும்வரை வேறெதையும் தொடாதீர்கள்.

நகல் ஆனதும் அமைப்புக் கோப்பில் மைஎஸ்க்யூஎல்டி பிரிவின் கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி என்பதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்து எழுப்புங்கள். எழாவிட்டால் 2, பிறகு 3. ஒரேயடியாக 6-க்குத் தாவாதீர்கள். 3 வரை ஓரளவு பாதுகாப்பு. 4-லிருந்து தரவு நிரந்தரமாகச் சிதையக்கூடும். 6 கொடுத்தால் ரீடோ லாகையே படிக்காமல் விட்டுவிடும்.

இந்த நிலையில் சர்வர் எழுந்தால் அது தரவை வெளியே எடுப்பதற்கு மட்டும்தான். தளத்தை அதன்மேல் ஓட்டக்கூடாது. தரவைக் கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு ஒவ்வொரு டேபிளையும் தனித்தனிக் கோப்பாக எடுங்கள். அப்போதுதான் சிதைந்த டேபிளில் டம்ப் நின்றாலும் மற்றவை தப்பும். 'ஷோ கிராண்ட்ஸ்' மூலம் பயனர்களின் அனுமதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எடுத்தபின் அந்த அமைப்பு வரியை நீக்குங்கள். பழைய கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, அதே இடத்தில் வெறும் கோப்புறை உருவாக்கி, உரிமையை மைஎஸ்க்யூஎல் பயனருக்குக் கொடுங்கள். வேறு பாதைக்கு மாற்றினால் உபுன்டுவின் பாதுகாப்புக் கருவியான ஆப்ஆர்மர் தடுத்து, எரர் 13 வரும். 'இனிஷியலைஸ்' விருப்பத்தோடு சர்வரை ஒருமுறை ஓட்டினால் புது அமைப்பு உருவாகும். ரூட்டுக்கான தற்காலிகக் கடவுச்சொல்லும் லாகிலேயே கிடைக்கும். டம்ப்களை ஏற்றுங்கள், பயனர்களை மீண்டும் உருவாக்குங்கள். டம்ப் ஆகாத டேபிளுக்குப் பழைய பேக்கப்தான் கதி. டிஸ்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு அதையும் சோதியுங்கள். பழுதான டிஸ்கில் புதுத் தரவை வைத்துப் பயனில்லை.

படி 5: சிக்னல் 11 வந்தால்

லாகில் ஸ்டாக் ட்ரேஸுக்கு (நிரல் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டும் பட்டியல்) கீழே, விழும்போது ஓடிக்கொண்டிருந்த க்வெரி இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு க்வெரி என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். ஒரே க்வெரி என்றால் அது மென்பொருள் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வரிசையின் அடுத்தடுத்த பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளைத் தேடுங்கள்; பலமுறை அது ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும், டம்ப் எடுத்துவிட்டுப் பதிப்பை ஏற்றினால் போதும். 8.0-க்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான் என்பதால், 8.4 நீண்டகால ஆதரவு வரிசைக்குப் போவது நல்லது.

புதுப் பதிப்பிலும் விழுந்தால் மைஎஸ்க்யூஎல்லின் பிழைப் பதிவேட்டில் பதியுங்கள். பதிப்பு எண், ஸ்டாக் ட்ரேஸ், 'ஷோ கிரியேட் டேபிள்' வெளியீடு, விழவைக்கும் க்வெரி ஆகியவை வேண்டும். வாடிக்கையாளர் தரவு எதுவும் அதில் போகக்கூடாது. பொய்த் தரவோடு நாலைந்து வரிசை கொண்ட ஒரு டேபிளில் அதே விழுகையைக் காட்ட முடிந்தால், திருத்துபவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.