பழைய லாரியில் வைப்பர் ஓடவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன் பாருங்கள்

வைப்பர் நின்றதும் பலரும் முதலில் கை வைப்பது மோட்டாரில். பழைய லாரியில் இந்த அவசரம் பல நேரம் வீண்செலவில்தான் முடிகிறது. புது மோட்டாரை மாட்டிய பிறகும் வைப்பர் அதே மந்தத்தில் நகரும். கோளாறு மோட்டாருக்குக் கரண்ட் வரும் வழியிலோ, திரும்பிப் போகும் வழியிலோ இருந்திருக்கும்.

திரும்பிப் போகும் வழி என்பது எர்த். மோட்டாரை பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறோமே, எர்த் தானாக வந்துவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. அதிர்வு தெரியாமல் இருக்க நிறைய வண்டிகளில் மோட்டாரை ரப்பர் புஷ் மேல்தான் உட்கார வைத்திருப்பார்கள். ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் எர்த்துக்கென்று தனி வயர் வரும். அதன் முனை துருப்பிடித்திருந்தாலும், கேபினுக்குப் பெயின்ட் அடித்தபின் சுரண்டாமல் பெயின்ட் மேலேயே முறுக்கப்பட்டிருந்தாலும் வைப்பர் திணறும். மோட்டாரின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு தடித்த வயரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். வேகம் கூடினால் மோட்டார் மேல் பழி இல்லை. (மிகப் பழைய சில வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.)

அடுத்தது, அனுபவசாலிகளும் ஏமாறும் இடம். கப்ளரை (மோட்டார் வயர்களைச் சேர்க்கும் பிளக்) கழற்றி, மீட்டரை வைத்து, "12 வோல்ட் முழுசாக வருகிறது, சப்ளை சரி" என்று முடிவுகட்டுவது. உள்ளே செம்புக் கம்பிகள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மோட்டாரோ பல ஆம்பியர் கேட்கும். அப்போதுதான் களிம்பு ஏறிய முனையில் வோல்டேஜ் சரியும். எனவே கப்ளர் மாட்டியிருக்க, சுவிட்ச் ஆன் நிலையில் அளக்க வேண்டும். மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். மீட்டர் இல்லையா? மோட்டாருக்குக் கரண்ட் வரும் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் பிடித்துப் பாருங்கள். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் இழுக்கும் என்பதால் நலிந்த வயரில் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் பல்புதான் வேண்டும்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. பெரியது போட்டால் உருகப்போவது வயர்தான். பழைய லாரியில் ஃப்யூஸ் போகக் காரணம் பல நேரம் மின் கோளாறே அல்ல, இறுகிப்போன லிங்கேஜ் (மோட்டாரின் சுழற்சியை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்). மோட்டாரின் கிராங்க் (மோட்டார் தண்டில் சுற்றும் சிறு கை) எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு லிங்கேஜைப் பிரித்து, மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். தனியாகச் சுகமாக ஓடினால் லிங்கேஜுக்கு கிரீஸ் தேவை. கழற்றும்போது பேட்டரி இணைப்பு எடுத்திருக்க வேண்டும். அந்த கிராங்க் திடீரென்று சுற்றினால் விரலை நசுக்கிவிடும்.

சில பழைய வண்டிகளில் ஃப்யூஸுக்குப் பதில் சர்க்யூட் பிரேக்கர் இருக்கும். சூடானால் கரண்டை அறுக்கும், ஆறினால் தானே சேரும். கொஞ்ச நேரம் ஓடி, நின்று, மறுபடி ஓடும் வைப்பருக்குச் சுவிட்சை மாற்றும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறியைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் பிரிப்பதும் தவறுதான். இரண்டு வேக மோட்டார் பலவற்றில் மூன்று கார்பன் பிரஷ்கள் உண்டு. மெது வேகத்துக்கு ஒன்று, அதிவேகத்துக்கு ஒன்று, மூன்றாவது பொது. ஒரு வேகம் மட்டும் ஓடவில்லை என்றால் ஃப்யூஸை விட்டுவிட்டு சுவிட்ச், அந்த வேகத்துக்கான வயர், பிரஷ் என்று தேடுங்கள். ஆஃப் செய்ததும் கண்ணாடியின் நடுவிலேயே நிற்கிறதா? வைப்பரைக் கண்ணாடியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் பார்க் சுவிட்ச், அல்லது அதற்கு வரும் சப்ளை. இடைவெளி விட்டு ஓடும் நிலை மட்டும் வேலை செய்யவில்லையென்றால், அந்த இடைவெளியைக் கொடுக்கும் ரிலே.

மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடி கரண்ட் கொடுத்துச் சோதிப்பவர்கள் கப்ளரைக் கழற்றாமல் கொடுத்துவிடுகிறார்கள். ஆஃப் நிலையில் பல மோட்டார்களில் மெது வேக வயர் பார்க் சுவிட்ச் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும், ஷார்ட் ஆகிவிடும். கழற்றிவிட்டு, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்துக் கொடுங்கள்.

கேபின் சாயும் லாரியில் கீல் அருகே வயர் மடங்கி மடங்கி, மேலுறை கிழியாமலே உள்ளே அறுந்திருக்கும். வைப்பரை ஓடவிட்டு அந்த இடத்து வயர் கட்டை ஆட்டிப் பாருங்கள். நின்றால் இடம் தெரிந்துவிட்டது.

சரி செய்தபின் காய்ந்த கண்ணாடியில் ஓட்ட வேண்டாம், சுமை வீணாகக் கூடும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு கப்ளரையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி.