கொட்டகைக்கு ஜி.ஐ. ஷீட் போடுகிறவர்களுக்கு

வேதாரண்யம் பக்கம் மாட்டுக்கொட்டகை போடுவது என் தொழில். உப்பளத்துக் காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது. அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு.

வாங்கும்போது தகட்டின் கனத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பூச்சு எவ்வளவு என்றும் கேளுங்கள். 120, 275 என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து அத்தனை கிராம் துத்தநாகம் இருக்கிறது என்று கணக்கு. கடலோரத்துக்கு 275 கேட்டு வாங்குங்கள். காசு கூடத்தான் ஆகும், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பெயின்ட் அடித்த இரும்பில் ஆணி கீறினால் துரு பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். ஜி.ஐ.யில் சின்னக் கீறல் விழுந்தால் சுற்றியிருக்கும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். தான் தேய்ந்து அதைக் காக்கிறது. ஆகவே அந்தப் பூச்சை நாமே கெடுக்கக் கூடாது.

நான் கெடுத்திருக்கிறேன். ஓர் ஐப்பசியில் வந்திறங்கிய பன்னிரண்டு ஷீட்டையும் நனைந்தபடியே தரையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நடுவே விபூதி அப்பியது போல வெள்ளைப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டியது. காற்றில்லாமல் ஈரம் மட்டும் தங்கினால் துத்தநாகம் இப்படித்தான் பூத்துப் போகும். அன்றிலிருந்து கட்டைமேல் ஒரு பக்கம் சாய்வாக வைத்து, நடுநடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்துத்தான் அடுக்குகிறேன். உங்களுக்கும் பூத்துவிட்டால் உடனே பிரித்துக் காயவைத்து நைலான் பிரஷால் தேய்த்துவிடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அது நல்ல பூச்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

வாடைக்காற்று வரும் திசைக்கு எதிர்க்கோடியிலிருந்து ஷீட் போட ஆரம்பியுங்கள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புக்குள் காற்று புகாது. ஷீட்டைக் கூரைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டை, அதாவது ஜே போல்ட்டை, ஷீட்டின் மேட்டில்தான் அடிக்க வேண்டும், ரப்பர் வாஷரோடு. பள்ளத்தில் அடித்தால் அது தண்ணீர் ஓடும் வழி, முதல் மழையிலேயே ஒழுகும். முறுக்கும்போது வாஷர் அமர்ந்ததும் நிறுத்துங்கள்.

வெட்டுவதற்குத் தகரக் கத்திரி போதும். கிரைண்டர் போட்டால் தீப்பொறி விழுந்த இடமெல்லாம் பூச்சு கருகும். வெல்டிங் வைத்தே ஆக வேண்டிய பைப்பாக இருந்தால் அந்த இடத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பற்றவைத்த இடத்தில் பிறகு ஜிங்க் பெயின்ட், அதாவது துத்தநாகம் கலந்த பெயின்ட் அடியுங்கள்.

மிச்சத் தகட்டில் தொட்டி செய்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். மோர், புளித்தண்ணீர் ஊற்றக் கூடாது, புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துவிடும்.

வேலை முடிந்து இறங்கும்முன் கூரைமேல் கிடக்கும் டிரில் தூளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். அது ஒரே பனியில் துருப்பிடித்துப் புது ஷீட்டில் கறை ஏற்றிவிடும்.