போர்க்கடலில் அடிபட்டால், பிடிபட்டால்: மாலுமி இழப்பீடு கேட்பது எப்படி

கப்பலில் ஏறிய அன்றே சாப்பாட்டறை அருகில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இரண்டு நிதிப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அங்கே தொங்க வேண்டும். கப்பல் முதலாளி உங்களை நடுவழியில் கைவிட்டால் ஊர் திரும்பவும் நிலுவைச் சம்பளம் பெறவும் ஒன்று. பணியில் இறப்போ நீண்டகால ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்தத் தொகையைப் பெற மற்றொன்று. எம்எல்சி என்று நாம் சொல்லும் 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் இவற்றைக் கட்டாயமாக்கியது. இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காப்பீட்டாளரின் பெயரும் முகவரியும் காலாவதித் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். கப்பலே மூழ்கிய பிறகு அந்தக் காகிதத்தை எங்கே தேடுவது?

சீஃப் ஆபீசராக இருந்து கரையேறிய நான், இப்போது காயமடைந்த மாலுமிகளின் கோப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். வரும் குடும்பங்கள் எடுத்த எடுப்பில் “எவ்வளவு கிடைக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? சம்பவ நேரத்தில் கப்பல் எங்கே இருந்தது? ஆளைப் பிடித்து வைத்திருந்தால், பிடித்தது யார்?

ஒப்பந்தத்தை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. உடன்படிக்கை எந்த இழப்பீட்டுத் தொகையையும் நிர்ணயிக்கவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள தொகை முழுமையாக, தாமதமின்றிக் கொடுக்கப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆகவே உங்கள் பணி ஒப்பந்தம், தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட எந்தக் கூட்டு ஒப்பந்தத்தோடு இணைந்தது என்று பாருங்கள். ஐபிஎஃப் எனப்படும், மாலுமிகளின் தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சம்பளம் பேசும் சர்வதேசப் பேச்சுவார்த்தை மன்றத்தின் கீழ் வருவது என்றால், அந்த மன்றம் ‘போர்ச்சூழல் பகுதி’ என்று அறிவித்த கடலில் இறப்புக்கும் ஊனத்துக்கும் உரிய இழப்பீடு இரட்டிப்பாகும். அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான ஊக்கத்தொகை கிடைக்கும். ஒரே நாளில் கடந்துவிட்டாலும் குறைந்தது 5 நாட்களுக்கு. அங்கே போக மாட்டேன் என்று மறுத்தால், நிறுவனத்தின் செலவில் ஊர் திரும்பலாம். இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் உண்டு. மறுப்பதாக இருந்தால் அந்தப் பகுதிக்குள் நுழையும் முன்பே கேப்டனிடம் எழுத்தில் கொடுங்கள். மறுக்காமல் போனவர் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தவர் ஆகமாட்டார். அப்படிச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழுவும் ஆபத்துப் பகுதிகளின் பட்டியலை வெளியிடுகிறது. அது கப்பலின் காப்பீட்டுக் கட்டணத்துக்கானது. உங்கள் சம்பளத்துக்கானது அன்று. இரண்டு பட்டியல்களின் எல்லைகளும் தேதிகளும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. சம்பவம் நடந்த நாளில் அமலில் இருந்த ஐபிஎஃப் பட்டியலை எடுத்து, அதன் எல்லையோடு கப்பலின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒப்பிட்டுப் பாருங்கள். சில மைல் தள்ளியிருந்தால்கூடத் தொகை பாதியாகிவிடும்.

காயத்துக்கு வருவோம். ஏவுகணைச் சிதறல் பட்டால்தான் போர்க்காயம் என்று நினைக்காதீர்கள். எச்சரிக்கை மணி கேட்டுப் பாதுகாப்பு அறைக்கு ஓடும்போது படியில் விழுந்து முழங்கால் உடைந்தாலும் அது பணிக்காலக் காயம்தான். மருத்துவச் செலவும் சம்பளமும் முதலாளியின் பொறுப்பு. நாட்டுச் சட்டம் அந்தப் பொறுப்புக்குக் கால வரம்பு வைக்கலாம், ஆனால் அதை 16 வாரங்களுக்குக் கீழே குறைக்க முடியாது. முதலாளி தப்பிக்க உடன்படிக்கை விட்டிருக்கும் வழிகள் மூன்றே: காயம் கப்பல் பணிக்கு வெளியே நேர்ந்தது, வேண்டுமென்றே செய்த தவறால் வந்தது, பணியில் சேரும்போது நோயைத் திட்டமிட்டு மறைத்தது. இவற்றில் போர் இல்லை. “போர் என்பதால் எங்கள் பி அண்ட் ஐ கிளப் (கப்பல் முதலாளிகளின் பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம்) தராது” என்று சொன்னால் அசராதீர்கள். வழக்கமான பி அண்ட் ஐ காப்பீடு போரை விலக்குவது உண்மைதான். அதற்காகத்தான் தனிப் போர்க் காப்பீடு இருக்கிறது. எந்தப் பையிலிருந்து எடுப்பது என்பது முதலாளியின் கவலை.

இந்தக் கோப்புகளைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் கப்பலின் அன்றாட நிகழ்வுகளைப் பதியும் லாக் புத்தகத்தின் ஒரு வரிதான். “இரண்டாம் என்ஜினியர் படியில் வழுக்கி விழுந்தார்” என்று எழுதினால் அது சாதாரண விபத்து. “இடதுபக்கம் வெடிப்பு, விளக்குகள் அணைந்தன, பாதுகாப்பு அறைக்கு விரைந்தபோது இரண்டாம் என்ஜினியர் படியில் விழுந்தார்” என்று நேரம், நிலை, உடனிருந்தவர் பெயரோடு எழுதினால் கதையே வேறு. விழுந்ததை மட்டுமல்ல, ஏன் விழுந்தார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காதும் அப்படித்தான். வெடிப்புக்குப் பிறகு இரைச்சல் கேட்டால், சரியாகிவிடும் என்று நம் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள். மருத்துவப் பதிவேட்டில் அன்றே எழுதச் சொல்லி, இறங்கும் முதல் துறைமுகத்திலேயே செவித்திறன் சோதனை கேளுங்கள். தூக்கமின்மை, திடுக்கிட்டு விழிப்பது ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவாக்குங்கள். வீடு போய்ச் சேர்ந்து பல மாதங்கள் கழித்து முதன்முதலாகச் சொன்னால் நம்ப வைப்பது பெரும்பாடு.

பிடிபட்டவர்களின் கதை இன்னும் சிக்கலானது. அதே உடன்படிக்கையில் 2018-இல் செய்து 2020 டிசம்பர் 26-இல் அமலுக்கு வந்த திருத்தம் நல்ல திருத்தம். கடற்கொள்ளையராலோ ஆயுதக் கொள்ளையராலோ சிறைபிடிக்கப்பட்ட மாலுமியின் ஒப்பந்தம், அதன் காலம் முடிந்துவிட்டாலும், நிறுவனம் ரத்து நோட்டீஸ் கொடுத்தாலும் நீடிக்கும். விடுதலையாகி முறைப்படி ஊர் திரும்பும் வரை சம்பளமும் வீட்டுக்கு அனுப்பும் பங்கும் தொடரும். சிறையிலேயே இறந்தால், சட்டம் தீர்மானிக்கும் இறந்த தேதி வரை.

ஆனால் அந்தத் திருத்தத்தில் கொள்ளை என்பது தனிப்பட்ட ஆதாயத்துக்காகச் செய்யும் செயல். 2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் யெமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் பிடித்த கேலக்ஸி லீடர் கப்பலின் 25 பேர் 2025 ஜனவரியில்தான் விடுதலையானார்கள். 2024 ஏப்ரல் 13 அன்று எம்எஸ்சி ஏரிஸ் கப்பலைப் பிடித்தது ஈரானின் புரட்சிக் காவல்படை. அரசியல் நோக்கமுள்ள ஆயுதக் குழுவோ ஒரு நாட்டின் படையோ பிடித்தால், ‘இது கொள்ளை இல்லை’ என்று வாதாட நிறுவனத்துக்கு இடம் இருக்கிறது. கணவர் பிடிபட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, ஒப்பந்தத் தேதி முடிந்ததால் கணக்கை முடித்துவிட்டோம் என்று ஒரு நிறுவனம் இரண்டே வரியில் அனுப்பிய மின்னஞ்சலை நான் படித்திருக்கிறேன். படித்ததும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே, சிறைபிடிப்பு பற்றிய பிரிவில் “யாரால் பிடிக்கப்பட்டாலும்” என்ற பொருள் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தொழிற்சங்கத்தின் மூலம் கேளுங்கள். பிடிபட்ட பிறகு கடிதம் எழுத வேண்டியது குடும்பம்: ஒப்பந்தம் நீடிக்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள், மாதப் பங்கை நிறுத்தாதீர்கள். இதை நிறுவனத்துக்கும் ஆள்சேர்ப்பு முகவருக்கும் கப்பலின் கொடி நாட்டு (கப்பல் பதிவான நாட்டு) அதிகாரிக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

கப்பல் மூழ்கி, ஆள் கீறல்கூட இல்லாமல் தப்பினாலும் உரிமை உண்டு. 2024 மார்ச்சில் செங்கடலில் மூழ்கிய ரூபிமார் கப்பலின் ஊழியர்கள் முன்பே பத்திரமாக வெளியேறியிருந்தார்கள். அத்தகைய நிலையில் வேலையின்றி இருக்கும் நாட்களுக்குச் சம்பள விகிதத்திலேயே ஈட்டுத்தொகை கேட்கலாம். அதை இரண்டு மாதச் சம்பளத்துக்குள் வரம்பு கட்டலாம் என்கிறது உடன்படிக்கையின் வழிகாட்டுதல். உடைமைகளுக்கான தொகை ஒப்பந்தத்தில் தனியாக இருக்கும். மடிக்கணினி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள்.

கோரிக்கையை நீங்களோ, நெருங்கிய உறவினரோ, நீங்கள் நியமிக்கும் பிரதிநிதியோ சான்றிதழில் உள்ள காப்பீட்டாளரிடமே நேரடியாக வைக்கலாம். நீண்டகால ஊனத்தின் முழு அளவு தெரியத் தாமதமானால் இடைக்காலத் தொகை தர வேண்டும். ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக ஏற்கும்படி அழுத்தம் கொடுக்கக் கூடாது. இதுவும் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நிறுவன மருத்துவரின் ஊன சதவீதம் குறைவாகத் தோன்றினால் உங்கள் மருத்துவரிடம் இரண்டாவது அறிக்கை பெறுங்கள். இருவரும் முரண்பட்டால் மூன்றாவது மருத்துவர் தீர்மானிக்கும் வழி பல கூட்டு ஒப்பந்தங்களில் உண்டு.

‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற தலைப்போடு காகிதம் நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை வாங்கி வந்து, தொழிற்சங்கத்திடமோ கடல்சார் வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். பணம் வாங்குவது வேறு, மற்ற சட்ட உரிமைகளைக் கைவிடுவது வேறு. படிவம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டியிருந்தால் அந்த வாக்கியத்தை நீக்கச் சொல்லுங்கள். வழக்குத் தொடுக்கும் கால வரம்பு நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். எனவே பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனால், கடைசித் தேதி எது என்று வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.