கூட்டினால் 28.8, பிரித்தால் காலி

காங்கேயம், தாராபுரம் பக்கம் கரண்ட் கம்பம் எட்டாத கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) சாளை போட்டு, சோலாரை மட்டும் நம்பிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் வீடியோ பார்த்துத் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ராத்திரி ஃபேன் நின்றதும் அவர்கள் செய்கிற வேலையைப் பார்த்தால், ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து. பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது, பேனலைத் துடைக்காமல் விடுவது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு தடவை புகை வந்தால் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். சத்தமில்லாமல் பேட்டரியையும் செட்டையும் கெடுக்கிற மற்றத் தப்புகள்தான் கீழே.

பேனல் இருக்கும்போதே பேட்டரியைக் கழற்றுவது

பேட்டரியைச் சோதிக்கிறேன் என்று நடுமத்தியானத்தில் ஸ்பேனரோடு கிளம்புகிறவர்கள் செய்வது இது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்துகிற பெட்டிதான் கன்ட்ரோலர். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் பேட்டரியைப் பார்த்துத்தான் 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று முடிவு செய்கின்றன. பேட்டரி போய்விட்டால் பேனலின் முழு வோல்டேஜும் கன்ட்ரோலர் தலையில் இறங்கும். சாதாரண 36 செல் பேனலே லோடு இல்லாமல் 21, 22 வோல்ட் காட்டும். அதனால் கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல்.

வெயிலில் மீட்டர் வைத்து ‘ஃபுல்’ என்பது

சார்ஜ் ஏறும்போது 14.2 காட்டுவது சார்ஜரின் வோல்டேஜ். பேட்டரியின் நிலவரம் தெரிய வேண்டுமானால் விடிவதற்கு முன்னால் லோடை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து வையுங்கள். 12.7 பக்கம் நின்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஊதியூர் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்த 24 வோல்ட் செட்டு. நாலைந்து வருஷம் ஓடியதும் ஒன்று படுத்துவிட்டது. “இன்னொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குங்க ரெண்டுக்கும் செலவு?” என்று கடைக்காரர் ஒன்றை மட்டும் தந்திருக்கிறார். வருஷம் திரும்புவதற்குள் ராத்திரி பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்காரத் தம்பி விடவில்லை. “டிஸ்பிளேல தினமும் 28.8 காட்டுதுங்ளே அண்ணா, அப்புறம் எப்படிங்க சார்ஜ் பத்தாம போகும்?”

மீட்டரை இரண்டு பேட்டரியிலும் தனித்தனியாக வைத்தேன். பழையதில் 15.3. புதியதில் 13.5. கூட்டினால் 28.8. கன்ட்ரோலருக்குத் தெரிவது இந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான். ‘சரி, நிறைந்துவிட்டது’ என்று கரண்ட்டைக் குறைத்துவிடுகிறது. சல்பேட் பிடித்த (பிளேட்டில் உப்புப் படிந்து இறுகிய) பழைய பேட்டரி வோல்டேஜை வேகமாக ஏற்றிக்கொண்டு, நுரைத்து, தண்ணீரைத் தீர்க்கிறது. மூடியைத் திறந்தால் பிளேட் தெரிந்தது. புதியதோ தன் பங்கான 14.4-ஐ ஒருநாளும் தொடவில்லை.

சாயங்காலம் மிக்ஸியை ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தேன். பழையது 10.4, புதியது 12.3. மொத்தம் 22.7. கட்ஆஃபை, அதாவது இன்வெர்ட்டர் தானாக நிற்கிற வோல்டேஜை, 21-இல் வைத்திருந்ததால் இன்வெர்ட்டருக்கு இதுவும் சரிதான். ஆக, பழையதைப் பகலில் வேக வைத்து ராத்திரியில் உறிஞ்சுகிறோம். புதியதை அரைவயிற்றில் வைத்தே அதற்கும் சல்பேட் பிடிக்க விடுகிறோம். கடைக்காரர் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு இப்படித்தான் போனது. கடைசியில் வாங்கியது மூன்று பேட்டரி.

‘இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் சமப்படுத்துகிற பேலன்ஸர் போட்டால் போதுமே’ என்பார்கள். ஒரே வயசுப் பேட்டரிகளுக்குள் சின்ன வித்தியாசம் என்றால் அது சமாளிக்கும். செத்த பேட்டரியைப் பிழைக்க வைக்காது.

எனவே ஒன்றைக் கழிப்பதற்கு முன்னால், முழு சார்ஜ் ஏற்றி ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் குழாய்) விட்டுப் பாருங்கள். டியூபுலரில் 1240, 1250 பக்கம் இருக்க வேண்டும். ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1150-இல் கிடந்தால் அந்தப் பேட்டரிதான் குற்றவாளி. எல்லாச் செல்லும் ஒரேபோலக் குறைந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்ஜிங்கை. வாங்கிச் சில மாதத்தில் ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். வருஷக்கணக்கில் ஓடிய ஜோடி என்றால் இரண்டையும் மாற்றுங்கள். மிஞ்சிய நல்லதைத் தனியாகச் சோலார் வேலிக்கு வைத்துக்கொள்ளலாம்.

லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்தை) பார்க்காமல் பேட்டரியைத் திட்டுவது

நல்ல வெயிலில் கன்ட்ரோலர் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். 12 வோல்ட் செட்டில் அரை வோல்ட் வித்தியாசம் வந்தால் வயர் மெல்லியது, அல்லது லக் லூஸ். பச்சைப் பூப்பு இருந்தால் சோடா மாவுத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். அந்தத் தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது.

பேனல் லைனில் ஏசி எம்சிபி

வேண்டாம். பேனலில் வருவது டிசி. எம்சிபி பிரியும்போது கிளம்புகிற டிசி ஆர்க் (தீப்பொறி) தானாக அணையாது.

பேட்டரிக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது

ஆர்ஓ தண்ணீரும் அதே கணக்குத்தான். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்.

ஆடி மாசத்தை மறப்பது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் நுழைகிற ஜூன், ஜூலையில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் நாள்கணக்கில் பேட்டரி நிறையாது. பாதிச் சார்ஜில் கிடக்கக் கிடக்க சல்பேட் இறுகும். அந்த மாதங்களில் ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஜெனரேட்டரில் ஒரு தடவை நிறைத்துவிடுங்கள். வானம் வெளுத்ததும், தண்ணீர் ஊற்றும் வகை டியூபுலராக இருந்தால் கன்ட்ரோலரில் ஈக்வலைஸ் (எல்லாச் செல்லையும் சமமாக்க வோல்டேஜைக் கூட்டி ஏற்றும் சார்ஜ்) ஓட விடலாம். ஜெல், சீல்டு, லித்தியம் எதற்கும் அது ஆகாது. ஓடும்போது ஹைட்ரஜன் நிறைய வரும். சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பேட்டரி ரூமில் பீடி பற்ற வைக்கிற மாமன்களை அது முடிகிற வரைக்கும் கட்டுத்தரைப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.