இருட்டு மண்டபத்தில் படம் கலங்குவது ஏன்? புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன தை மாதம் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலை நாலரையிலிருந்து ஆறு. பழைய மண்டபம், மேடைக்கு மேல் நாலு டியூப்லைட், ஓரத்தில் சீரியல் பல்பு, வெளியே பனி, விடிய இன்னும் நேரம் இருந்தது. பெண் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் புதுக் கேமராவோடு என் பக்கத்திலேயே நின்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிபன் பந்தியில் உட்கார்ந்த பிறகு ஒருவன் கேமராவை என் பக்கம் நீட்டி, "அண்ணே, எல்லாமே ஷேக் ஆகியிருக்கு, கேமராவுல ஏதாவது கோளாறா?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டவேண்டும் என்ற எண்) 400, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/13 விநாடி. தொழிலுக்கு வந்த புதிதில் நான் வைத்திருந்ததும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான்.

பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் வருவது எல்லாம் ஒரு தடவை பட்டால் போதும், யாரும் மறுபடி செய்ய மாட்டார்கள், அதை விட்டுவிடலாம். தவறு செய்கிறோம் என்றே தெரியாமல் வருஷக்கணக்கில் செய்துகொண்டிருப்பவை வேறு.

ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்படுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2010இல் திருவையாறு பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கல்யாணம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும் பழைய வீடு. கூடத்தில் மணவறை. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் வெளிச்சம்தான். என் கையில் நிக்கான் டி90, 18-105 லென்ஸ். நான் தொழில் கற்றுக்கொண்ட ஸ்டுடியோவில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், "400க்கு மேல ஏத்தாதே, கிரெயின் அடிச்சிடும்." கிரெயின் என்றால் படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள். அந்தப் பாடத்தை வேதவாக்காக வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனாருடையது. அந்த அக்கா சிங்கப்பூரிலிருந்து நாலு நாள் லீவில் வந்திருந்தார். கையிலிருந்த விளக்கைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, பெண்ணின் பின்னலை ஒதுக்கி, முடிச்சைப் போட்டார். பத்து விநாடிகூட இருக்காது. ஒன்பது படம் எடுத்தேன். திரையில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினபோது தெரிந்தது. பெண்ணின் கழுத்து, பின்னலில் இருந்த மல்லிகை, அட்டிகைக் கல், ரவிக்கை ஓரத்து ஜரிகை எல்லாம் துல்லியமாக இருந்தன. நாத்தனாரின் விரல்களும் மஞ்சள் கயிறும் மட்டும் ஒன்றாகக் கலந்து மஞ்சளாக ஒரு இழுப்பு இழுத்த மாதிரி இருந்தது. ஒன்பது படத்திலும் அப்படியே. விரல் எது, கயிறு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆல்பம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த அக்கா போன் செய்தார். "தம்பி, நான் முடிச்சுப் போடுற படம் எங்க? அதுக்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வர வேண்டிய பாக்கிப் பணத்தை நான் கேட்கவில்லை, அவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அன்றைக்கு ஐஎஸ்ஓ 400, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 4.5, ஷட்டர் 1/15. ஐஎஸ்ஓவை ஒவ்வொரு தடவை இரட்டிப்பாக்கும்போதும் ஷட்டரைப் பாதி நேரமாகக் குறைக்கலாம். 800க்கு ஏற்றினால் 1/30. 1600 என்றால் 1/60. 3200 என்றால் 1/125. முடிச்சுப் போடும் விரல் 1/125இல் பெரும்பாலும் நின்றுவிடும். டி90இல் 3200 வரை நேராகவே வைக்கலாம். அதாவது அந்தப் படத்தை எடுக்கும் வசதி என் கையிலேயே இருந்தது, நான் வைக்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்தும் எரிச்சல் வருவது இதனால்தான்.

400க்கு மேல் போகாதே என்ற பேச்சு ஃபிலிம் ரோல் காலத்தது. ரோலின் வேகம் கூடக் கூட மணிமணியாகக் கிரெயின் தெரியும், அதனால் 100 ரோலும் ஃபிளாஷும் வைத்துக் கல்யாணம் எடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயம். ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்களும் 800ஐத் தாண்டினால் தடுமாறின. ஆனால் 2007இல் நிக்கான் டி3 வந்தபோதே 6400 வரை தாராளமாக எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்குப் புதிதாக வாங்கும் சாதாரணக் கேமராவில்கூட 3200 பயப்பட வேண்டிய எண்ணே இல்லை. கேமரா மாறிவிட்டது, பாடம் மட்டும் மாறாமல் ஒரு ஸ்டுடியோவிலிருந்து இன்னொரு ஸ்டுடியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சிலர் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஐஎஸ்ஓவை 400இலேயே வைத்து, படத்தை இருட்டாக எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றுவது. இதில் லாபம் எதுவும் இல்லை. இருட்டிலிருந்து இழுத்து ஏற்றும்போது கிரெயினும் கூடவே ஏறும், பல கேமராக்களில் நேராக 3200இல் எடுத்ததைவிட மோசமாகவே வரும், நிழல் பகுதியில் நிறம் திட்டுத்திட்டாகப் போகும். ஐஎஸ்ஓ கூடும்போது வெளிச்சம் சரியாக இருக்க வேண்டும், கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் தப்பில்லை.

இன்னொன்று, கிரெயினைத் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துக் கவலைப்படுவது நாம் மட்டும்தான். அதே படம் 12×36 அங்குல ஆல்பத்தில் ஒரு பக்கத்தில் நாலில் ஒன்றாகச் சின்னதாக உட்காரும்போது அந்தக் கிரெயின் யார் கண்ணுக்கும் படாது. கலங்கின விரல் அப்படியில்லை, எவ்வளவு சின்னதாக்கினாலும் தெரியும். கிரெயினைக் குறைக்கச் சாஃப்ட்வேர் இருக்கிறது, இழுபட்ட விரலை அப்படித் திரும்பக் கொண்டுவர முடியாது.

நான் இப்போது செய்வது இதுதான்: ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நாமே வைக்கும் எம் மோட், ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் 2.8, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு மேல் வரம்பு 6400. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறி இறங்குவது ஐஎஸ்ஓவாக இருக்கட்டும், ஷட்டரை நான் பிடித்துக்கொள்கிறேன். வரிசையாக நிறுத்தி எடுக்கும் குடும்பப் படத்துக்கு 1/80 போதும். அட்சதை போடும்போது, கூடத்தில் ஓடும் குழந்தைகளை எடுக்கும்போது 1/250. தவில்காரர் கூடு மாட்டிய விரல்களை உருட்டும்போது தெளிவாக வேண்டும் என்றால் 1/500 வரை போகவேண்டும், குச்சி பிடித்த கை கொஞ்சம் இழுபட்டால் அது அழகாகவே இருக்கும்.

கலங்கல் எந்த வகை என்று பார்க்காமல் மருந்து தேடுவது

படத்தைப் பெரிதாக்கி அசையாத ஒரு பொருளைத் தேடுங்கள். தூண், குத்துவிளக்கின் தண்டு, அட்டிகை, எதுவானாலும் சரி. அது தெளிவாக இருந்து கைகள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் போதவில்லை. தூண் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, பின்னாலிருக்கும் வாழைமரம் மட்டும் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. மூன்றும் வேறு வேறு நோய். ஃபோகஸ் தப்பின படத்துக்கு ஷட்டரை ஏற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

"லென்ஸில்தான் விஆர் இருக்கிறதே"

திருவையாற்றுக் கல்யாணத்தில் அட்டிகை துல்லியமாக வந்ததற்குக் காரணம் அந்த விஆர்தான். அது உங்கள் கை ஆட்டத்தைச் சமாளிக்கும். எதிரே நிற்பவரின் கையை அது நிறுத்தாது. கடையில் வாங்கும்போது "இருட்டிலும் ஷேக் ஆகாது" என்று சொல்லி விற்கிறார்கள், பையன்கள் அதை நம்பி 1/10இல் ஆசீர்வாதம் எடுக்கிறார்கள்.

பொருள் அசையாது என்றால் கதையே வேறு. சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் படம் எடுத்திருக்கிறேன். மெழுகில் செய்த உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி அச்சு எடுக்கும் இடம், ஒரு ஜன்னல்தான், பாதி இருட்டு. முடிந்த சிலையை எடுக்கும்போது டிரைபாட், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை விநாடி, இரண்டு விநாடி டைமர், விஆர் ஆஃப். அதே பட்டறையில் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றினார்கள், உடனே 1/250, ஐஎஸ்ஓ 3200. ஐஎஸ்ஓ 100 நல்லதா 3200 நல்லதா என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, எதிரில் இருப்பது அசைகிறதா என்பதுதான் கேள்வி.

50 லென்ஸ் வாங்கி 1.8லேயே விட்டுவிடுவது

கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு மல்லுக்கட்டுவதைவிட 50 எம்எம், 1.8 அப்பர்ச்சர் லென்ஸ் வாங்குவது நல்ல முடிவு, நானும் அதைத்தான் சொல்வேன். 5.6க்கும் 1.8க்கும் நடுவில் மூன்று ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மேல் வித்தியாசம், வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு உள்ளே வரும். ஆனால் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். பெண்ணின் மூக்குத்தி பளிச்சென்று இருக்கும், அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கிவிடுவார். தனி முகத்துக்கு 2, இரண்டு பேர் என்றால் 2.8, குடும்பம் என்றால் 4. குறையும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓ பார்த்துக்கொள்ளும்.

ஃபோகஸ் புள்ளியையும் கேமராவிடம் விடாதீர்கள். இருட்டில் கேமராவுக்கு வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஒரு விளிம்பு வேண்டும், கன்னத்தில் அது கிடைக்காது. நடுப் புள்ளியை எடுத்துக் கண் இமைமேலோ மூக்குத்தி மேலோ வையுங்கள். அதே தூரத்தில் இருக்கும் ஜரிகைக் கரையும் உதவும். ஹோமப் புகை சூழ்ந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

சின்னத் திரையை நம்புவது

மூன்று அங்குலத்தில் எல்லாப் படமும் தெளிவுதான். முக்கியமான நிமிஷத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்து, முழுசாகப் பெரிதாக்கி, விரலைப் பாருங்கள்.

சைலன்ட் ஷட்டர்

மேளச் சத்தத்துக்கு நடுவில் யாருக்காக? நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் விநாடிக்கு 100 தடவை மின்னும், சைலன்ட் ஷட்டர் என்பது எலக்ட்ரானிக் ஷட்டர்தான், அதில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வைத்தால் தொல்லையே இல்லை. அதைவிட வேகம் வேண்டுமென்றால் கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருக்கிறதா என்று தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷை முகத்துக்கு நேரே அடிப்பது

வேண்டாம். தாழ்வான வெள்ளைத் தளம் இருந்தால் மேலே திருப்பி அடியுங்கள். இருபதடி உயர மண்டபத்திலும் மரக்கட்டை மச்சு வீட்டிலும் அதுவும் வேலைக்கு ஆகாது.

ஏசி ரூமில் கேமராவை வைப்பது

மணமகள் அறை ஏசியிலிருந்து நேராகப் புழுக்கமான மண்டபத்துக்கு வந்தால் லென்ஸில் நீர் பூக்கும். அரை மணி நேரம் முன்னால் பையோடு வெளியே வைத்துவிடுங்கள்.

பட்டனைக் குத்துவது

அழுத்துங்கள். முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும், தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள்.

இருக்கிற வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டுவது

பழைய வீட்டில் முற்றம் இருக்கும்போது ஆளைக் கூடத்து மூலையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்துவதைப் பார்த்தால் தாங்க முடியவில்லை. முற்றத்து ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். மேகம் போட்ட கார்த்திகை மாதத்தில்கூட அங்கே வெளிச்சம் மெத்தென்று விழும், ஐஎஸ்ஓ 400க்கே படம் வரும். மூலைக்கும் அந்த இடத்துக்கும் பத்தடி தூரம்தான்.

அந்தப் பையன்களிடம் பந்தியில் சொன்ன ஒரு பயிற்சியை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் ஒரே ஒரு லைட்டைப் போட்டுவிட்டு, அம்மாவோ அத்தையோ பூக்கட்டும்போது எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். முடிச்சுப் போடும் விரல் போகும் வேகம் ஏறக்குறைய அதேதான். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு 1/15, 1/30, 1/60, 1/125, 1/250 என்று ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் விரலை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பூவைச் சுற்றிப் போகும் வாழைநார் எந்த ஷட்டரில் விரலிலிருந்து பிரிந்து தனியாகத் தெரிகிறதோ, அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு வாருங்கள்.