படகில் ஆறு மாதக் குடித்தனமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மகள் இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கிறாள். ஓய்வு பெற்றதும் அங்கே கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான வீட்டுப் படகு, அதாவது ஒரு பழைய நேரோபோட்டை வாங்கி, நானும் கணவரும் ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை அதிலேயே குடியிருந்துவிட்டு அல்சூருக்குத் திரும்பினோம். 57 அடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். இப்போது பெங்களூரில் தெரிந்தவர்கள் பலரும் "நாங்களும் போகலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் முதலில் ஒரு வாரம் வாடகைப் படகில் போய்ப் பாருங்கள். ஒரே அறைபோன்ற இடத்தில் இருவரும் நாள் முழுக்க இருக்க முடிகிறதா என்று அந்த ஒரு வாரமே சொல்லிவிடும். விசா விஷயத்திலும் கவனம் வேண்டும். சாதாரண வருகை விசாவில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 6 மாதம்தான். அடிக்கடி போய் அதையே வீடாக்கிக்கொள்ள அனுமதி கிடையாது.

பலர் சறுக்குவது தூரக் கணக்கில். பர்மிங்காமிலிருந்து வுஸ்டர் 30 மைல்தான், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஆனால் கால்வாய் வழியில் 58 லாக் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்கு பக்கிங்காம் கால்வாயின் பழைய லாக் நினைவிருக்கும். இரண்டு பக்கமும் கதவு போட்ட தொட்டி. தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே படகுக்காரர்கள் போடும் கணக்கு எளிது: மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவிடும். 88-ஐ மூன்றால் வகுத்தால் 29 மணி நேரம், அதாவது நிதானமாகப் போனால் ஐந்து நாள். இதைத் தெரிந்துகொள்ளாமல் "சனிக்கிழமை வந்துவிடுகிறோம்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தால், லாக்கில் அவசரப்படுவீர்கள். ஆபத்து அங்கேதான்.

எங்களுக்கு அது அதே கால்வாயில் இருக்கும் டார்டெபிக்கில் நடந்தது. 4 கிலோமீட்டருக்குள் 30 லாக், பிரிட்டனிலேயே நீளமான வரிசை. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். லாக்கின் மேல்கதவுக்கு அடியில் ஒரு திண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதை 'சில்' என்பார்கள். தண்ணீர் இறங்கும்போது படகின் பின்புறம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்புறம் மட்டும் கீழே போய்ப் படகு கவிழலாம், மூழ்கலாம். அது எங்கே இருக்கிறது என்று காட்ட லாக்கின் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அன்று சுக்கான் பிடித்திருந்த கணவர் மதகு திறந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் கோட்டைப் பார்க்கவில்லை. நானோ நேரமாகிறதே என்று தண்ணீரை வெளியேற்றும் இரண்டு கீழ்மதகையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். உள்ளே தட்டும் டம்ளரும் முன்பக்கமாகச் சரியும் சத்தம் கேட்டது. "என்னங்க, பின்னாடி!" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் விழவே இல்லை. ஓடிப்போய்க் கீழ்மதகுகளை மூடினேன். பிறகு மேல்மதகை மெதுவாகத் திறந்து தண்ணீர் விட, படகு தானாக மிதந்து எழுந்தது. அதற்கப்புறம் வெகுநேரம் இருவருமே பேசவில்லை.

கைஜாடை பேசி வைத்துக்கொள்ளாமல் லாக்குக்குள் போகாதீர்கள். இரு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் எல்லாவற்றையும் உடனே நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் ஜாடை. மதகு சுழற்றும் இரும்புக் கைப்பிடியை அச்சிலேயே விட்டுவிட்டு நகராதீர்கள். பிடி நழுவினால் அது சுழன்று எலும்பை முறிக்கும்.

"அவர் ஓட்டுவார், நான் கயிறு பிடிப்பேன்" என்று வேலையை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். நம் குடும்பங்களில் கார் விஷயத்திலும் இதே கதைதான். ஓட்டுகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நடுவழியில் என்ன செய்வது? அந்த டார்டெபிக்குக்குப் பிறகு தினமும் மாற்றி மாற்றிச் செய்தோம். நான் சுக்கான் பிடித்த பிறகுதான், பின்னால் நிற்பவருக்கு முன்புறம் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது புரிந்தது. அவரும் மதகின் கனத்தை அப்போதுதான் உணர்ந்தார்.

குளிர்கிறது என்று காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். ஏப்ரல் இரவில் நமக்குக் கை அதற்குத்தான் போகும். கரியடுப்பும் கேஸும் எரியும் படகில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அதற்கான அலாரம் 2019-லிருந்து அங்கே கட்டாயம். வாரம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பாருங்கள். தண்ணீரை அளந்து செலவழிக்க மட்டும் பெங்களூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வுஸ்டரில் கால்வாய் முடிந்து செவர்ன் ஆறு வந்துவிடும். ஆற்றைக் கால்வாயைப்போல நினைக்கக் கூடாது. குடகில் மழை பெய்தால் ஒகேனக்கல்லில் வெள்ளம் வருவதுபோல, வேல்ஸ் மலைகளில் பெய்த மழை வெயிலடிக்கும் வுஸ்டரில் ஆற்றை உயர்த்திவிடும். நங்கூரம் கட்டாயம் வேண்டும். அதையும் பெட்டிக்குள் போட்டு வைக்காமல் சங்கிலி பூட்டிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஆற்றில் இன்ஜின் நின்றால், நீரோட்டம் உங்களைத் தடுப்பணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

ஆற்று மட்டத்தைக் காட்டும் பலகை சிவப்பில் இருந்ததால், வுஸ்டரில் கால்வாய் ஆற்றோடு சேரும் டிக்லிஸில் மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் காலையில் தண்ணீர் பச்சைக்கு இறங்கியிருந்தது. இருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டோம். அவர் முன்னால் நங்கூரத்தருகே போய் நின்றார். சுக்கானை நான் பிடித்தேன்.