இணைய லைன் மாறினாலும் மின்னஞ்சல் முகவரி மாறாமல் இருக்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அச்சகத்துக்கு, இணைய லைன் கொடுத்த நிறுவனத்தின் மின்னஞ்சல்தான் பல வருடம். லைனை மாற்றியதும் முகவரியை மூடிவிட்டார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர்கள் திரும்பிப் போயின, மனம் நொந்துவிட்டது.

அப்புறம் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவைக் காட்டி, கடைப் பெயரிலேயே டாட் காம் டாட் எம்ஒய் டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்கி, ஸோஹோ மெயில் என்ற மின்னஞ்சல் சேவையோடு இணைத்தோம். வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை டொமைனில் சேர்த்தால் மட்டும் போதாது. மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் சேர்த்த பிறகுதான் எங்கள் இன்வாய்ஸ்கள் ஸ்பேமில் விழுவது நின்றது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். நாளை வேறு சேவைக்குப் போனாலும் முகவரி எங்களுடையதுதான்.

சொந்த விஷயத்துக்கு ஜிமெயில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் மெயிலோடு கூகுள் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான்; அது நிரம்பினால் மெயில் வராது. அதனால் படங்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுகிறேன்.